உன் சட்டையில் விழுந்த தூபம்

தம்பி ஹோரியனுக்கு உன் அக்கா தமிஸ்தா எழுதுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நீ சுகமாக இரு. உனக்காக நாள் தவறாமல் குளத்தங்கரையில் சோபெக் என்கிற நம் முதலைச் சாமியின் முன் விழுந்து வேண்டிக்கொள்கிறேன். உனக்கு அது பிடிக்காது என்று தெரியும். பிடிக்காவிட்டால் அலெக்சாந்திரியாவில் இருந்தபடியே முகத்தைச் சுளித்துக்கொள். தேய்வது என் முழங்கால், உன்னுடையது இல்லை.

வெங்காயப் படகு கமேஸ் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ அனுப்பிய நீலக் கண்ணாடி மணிகளை என் மகள் தயிசு கழுத்தில் கட்டிக்கொண்டு, "மாமா ஊதினது, எங்க மாமா ஊதினது" என்று தெருத்தெருவாகக் காட்டி வருகிறாள். உன் அத்தான் சோத்தாஸ் நலம். அவருடைய முதுகுவலியும் அவரைப் போலவே நலமாக இருக்கிறது.

கண்ணாடிப் பட்டறை உலை முன்னால் நின்றபோது யாரோ உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது, அன்றிலிருந்துதான் எல்லாம் மாறியது என்று எழுதியிருக்கிறாய். நல்ல கூத்து! சின்ன வயதில், ரொட்டி சூடாக இருக்கிறது வாடா வாடா என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாளாவது உன் காதில் விழுந்ததா? ஆறிப்போன ரொட்டியைத்தானே தின்று வளர்ந்தாய்? பெற்றவள் போனபிறகு இடுப்பில் தூக்கித் திரிந்த அக்கா கூப்பிட்டுக் கேட்காத காது, கண்ணுக்குத் தெரியாதவர் கூப்பிட்டதும் கேட்டுவிட்டதாம்.

அதுவும் அவரைக் கும்பிடுகிற சபை எப்பேர்ப்பட்ட இடம்! மூன்று வருடமாக உன்னை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாதி வழிபாட்டில், இன்னும் முழுக்குப் பெறாத உங்களை, "கேட்கிறவர்கள் எல்லாம் வெளியே போகலாம்" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ரொட்டி பிட்டுச் சாப்பிடுகிறார்கள். பந்தியில் உட்காரும் முன்பே எழுப்பி அனுப்புகிற வீட்டுக்கு மானமுள்ளவன் மறுபடி போவானா? நீ போகிறாய். இப்போது ஆறு பெருகியதும் உன்னைத் தண்ணீரில் இறக்கித் திருமுழுக்கு கொடுத்து, உள்ளே சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். அதைப் பற்றி நீ எழுதியிருந்த வரிகளை நான் அத்தானுக்குப் படித்துக் காட்டவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் போல எழுதியிருக்கிறாய்.

இங்கே நிலைமை சரியில்லை. குளத்துச் சாமி தீனி எடுப்பதில்லை. அப்பா போனபிறகு, நீ செய்ய வேண்டிய அந்தத் தீனி போடும் வேலையை அத்தான்தான் செய்து வருகிறார். வாத்துக்கறியும் தேன்ரொட்டியும் கழி நுனியில் நீட்டினால் முன்பெல்லாம் முதலை வாயைத் திறந்துகொண்டு வரும். இப்போது மணலில் கிடந்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. அது பட்டினி கிடந்தால் ஆறு பெருகாது என்று ஊருக்கே பயம். அத்தான் என் காதோடு சொன்னார்: "கடைவாயில புண்ணுடி அதுக்கு. கிழட்டு முதலை, பல்லு வலி. சாமிக்குப் பல்வலின்னு வெளியில சொன்னா என் பல்லைப் பிடுங்கிடுவானுங்க." நாங்கள் சிரித்தோம். ஆனால் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தீனி போடுகிற குடும்பத்துப் பையன் சாமியை விட்டு ஓடிப்போனான், அதனால்தான் சாமி வாயைத் திறப்பதில்லை என்று கால்வாய்ப் படித்துறையில் பேசுகிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவில் பேரரசரின் ஆணை வேறு வந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு எல்லோரும் கோயிலுக்கு வந்து தூபம் போட்டு, பானம் வார்த்து, படைத்த இறைச்சியைக் கடித்துக் காட்ட வேண்டும்; மறுத்தால் தலை போகும். ஊர்த்தலைவர் செரேனஸ் முரசு அடித்துச் சொல்லிவிட்டார். உனக்கு இந்த வழியைக் காட்டிய மண்பானைக்காரரின் விதவை தெர்மியோன் என்ன செய்யப்போகிறாள் என்று ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறது. அவள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. நீ மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அங்கே பக்கத்து வீட்டுக்காரனுக்கே உன் பெயர் தெரியாது. இங்கே உன்னைத் தெரியாத நாய்கூட இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உலை முன்னால் வெறும் வயிற்றோடு நிற்காதே.

உன் அக்கா,
தமிஸ்தா

*

தம்பி ஹோரியனுக்கு அக்கா எழுதுவது.

சுகமாக இரு, சந்தோஷமாகவும் இரு. குளத்தங்கரையில் இன்று உனக்காக விழுந்து கும்பிட்டபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு என் நெஞ்சு லேசாக இருந்தது. ஏன் என்று கேள்.

நம் வீட்டு முறை வந்தது. பலிபீடத்தின் முன் செரேனஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் போட்டார், நான் போட்டேன், தயிசுவின் கையைப் பிடித்துப் போடவைத்தேன். கூவுகிறவன் உடனே, "தீனிக்காரர் வீட்டு ஹோரியன்!" என்று கத்தினான். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. செரேனஸ் என்னைப் பார்த்து, "எங்கம்மா உன் தம்பி? எங்க சாமி வேண்டாம்னு போயிட்டானாமே" என்றார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். கோழியைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கத்தியைத் தேடுகிறவனின் சிரிப்பு.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். நீ விட்டுப்போன பழுப்புச் சட்டையை இடுப்பில் சுருட்டி வைத்திருந்தேன். வெளியூர் போனவன் சொல்லி அனுப்பினால் அவனுக்காக வீட்டுப் பெண் அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படைக்கலாம் என்பது நம் ஊர் வழக்கம்தானே? அப்பா உப்பு வாங்கப் போயிருந்த வருடம் அம்மா அப்படித்தானே செய்தாள்? சட்டையைப் போட்டுக்கொண்டேன். உன் சட்டைக் கைக்குள் என் கையை விட்டுத் தூபத்தை அள்ளிப் போட்டேன். "ஹோரியன் வணங்கினான்!" என்று கூவினார்கள். கூட்டமும், "வணங்கினான்!" என்றது. செரேனஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முகம் தொங்கிப்போய்விட்டது.

இன்னும் கேள். அன்று சாயங்காலமே சாமி ஒரு வாத்துத் தொடையை வாங்கி விழுங்கியது! ஊரே ஆடித் தீர்த்தது. நேற்றுவரை என்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்ட பெண்கள் வீடு தேடி வந்து பார்லிக் கள்ளும் கருவாடும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தான் மட்டும், "இன்னிக்கு வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கும்" என்றார். அந்த மனுஷனுக்கு எதிலும் ஒரு சந்தோஷம் கிடையாது.

மறுநாள் படித்துறையில் தெர்மியோனைப் பார்த்தேன். வாயை அடக்க முடியவில்லை. "பாத்தியா, உன் சிஷ்யனே மனசு மாறிட்டான். ஊரறிய அவன் பேர்ல தூபம் ஏறியாச்சு. இனி யாரை மயக்கப்போற?" என்று கேட்டுவிட்டேன். அவள் குடத்தில் தண்ணீர் எடுக்காமலேயே போய்விட்டாள். அதற்கடுத்த நாள் என்ன நடந்தது தெரியுமா? அவளே நடந்து வந்து தூபம் போட்டுவிட்டாள்! அவ்வளவுதான் உங்கள் வீராப்பு.

ஆக, இனி உன் தலைக்கு ஒன்றும் இல்லை. உன் மனதுக்குள் நீ யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள், யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நீ எதையும் தொடவில்லை, எதையும் சொல்லவில்லை. பழி பாவம் ஏதாவது இருந்தால் அது என் கணக்கில் இருக்கட்டும். நீ செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒன்றுதான். அதையாவது எனக்காகச் செய்.

உன் அக்கா,
தமிஸ்தா

*

தம்பிக்கு.

நீ சுகமா என்று எழுதி, இரண்டு முறை அழித்துவிட்டேன். உன் பதில் வந்தது. இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கோபித்துக்கொண்டதே இல்லை. இதிலும் கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் சபையை நடத்துகிற மூப்பர், "இது உன் பாவம் இல்லை, வலியப் போய் மாட்டிக்கொள்ளாதே, இங்கேயே இரு" என்று சொல்லியிருக்கிறார். வயதில் பெரியவர், அறிவுள்ளவர், நன்றாக இருக்கட்டும். நீயோ, "ஊர் முழுவதும் நான் வணங்கிவிட்டேன் என்று நம்பும்போது நான் வாய்மூடி இருந்தால், தூபம் போட்டது நீ இல்லை அக்கா, நான்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்க முடியாதாம். ஆற்றுத் திருவிழாவுக்கு வந்து, கூவின இடத்திலேயே நின்று, நான் வணங்கவில்லை என்று சொல்லப்போகிறாயாம். சொல்லிவிட்டு? சொல்லிவிட்டு என்ன செய்வாய்? உனக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவார்களா?

நீ போனபோது இருந்த ஊர் இல்லை இது. சாமி மறுபடி தீனியை நிறுத்திவிட்டது. ஆறு பெருக வேண்டிய காலத்தில் கால்வாயில் தவளைகூட முட்டுக்கு மேல் நனைவதில்லை. செரேனஸ் கோயில் வாசலில் நின்று, "எவனோ பொய்த் தூபம் போட்டிருக்கான். சாமிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். திருவிழா அன்னிக்கு மறுபடி பேர் பேராக் கூப்பிடுவேன்" என்றார். குளத்தைச் சுற்றியிருந்த கல்தடுப்பில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று அத்தான் கேட்டதற்கு, "சாமி வெளியே வர வழி வேண்டாமா?" என்றார்களாம். அது வெளியே வருவதற்கான வழி இல்லை, ஆளை உள்ளே தள்ளுவதற்கான வழி என்று அத்தான் சொன்னார். 

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். தெர்மியோன் வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டுப் பருப்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. ஜெயித்தவள் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது என்று வைத்துக்கொள். அவள் வலது கையைக் கந்தல் துணியால் முழங்கை வரை சுற்றி வைத்திருந்தாள். சுட்டுவிட்டதா என்று கேட்டேன். "இல்ல. இந்தக் கை தூபம் போட்ட கை. இதால இனி ரொட்டி எடுக்க மாட்டேன்" என்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் கொண்டுபோன கஞ்சியை இடது கையால் நகர்த்தி வைத்துவிட்டாள்.

"எல்லாரும் போட்டாங்க, நான் நின்னேன். செரேனஸ் மிரட்டினான், நின்னேன். ஹோரியனே போட்டுட்டான்னு நீ சொன்னதும் எனக்குப் பிடிமானமே போச்சு தாயி. அவனே விழுந்துட்டான்னா நான் எந்த மூலைக்குன்னு நெனச்சேன்" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

வாய்தவறியா, வேண்டுமென்றேயா, தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அது அவன் சட்டை மட்டும்தான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று. அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அவன் விழலையா?" என்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவேன்? தான் பெற்ற பிள்ளை பிழைத்துவிட்டது என்று கேட்டவள் போல இருந்தாள். பிறகுதான் தன் கையைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கஞ்சிச் சட்டியைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

ஹோரியா, நான் உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன். உன் காலில் விழுகிறேன், வராதே. உன் கடவுளுக்கு உன் உயிர் வேண்டுமென்றால் அலெக்சாந்திரியாவில் வைத்தே அவருக்காக வாழ்ந்து கொடு.

அக்கா

*

ஹோரியனுக்கு, உன் அக்கா தமிஸ்தா எழுதுவது.

நீ சுகமாக இருக்க வேண்டும். யார் முன்னால் விழுந்து வேண்டினேன் என்று இந்தத் தடவை எழுதத் தெரியவில்லை. விழுந்தது உண்மை.

நீ புறப்பட்டுவிட்டாய் என்றும், கால்வாயில் தண்ணீர் குறைந்து, வெங்காயச் சுமையோடு ஆளையும் ஏற்ற முடியாததால் ஆற்று மதகில் படகுக்காகக் காத்திருக்கிறாய் என்றும் கமேஸ் வந்து சொன்னார். "இளைச்சிருக்கான். ஆனா மாப்பிள்ளை மாதிரி சிரிச்ச முகமா இருக்கான்" என்றார். பாவி, ஒருநாள் தூரத்தில் இருக்கிறாய். இன்று திருவிழா. முரசுக்குத் தோல் இழுத்துக் கட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது. கமேஸ் வெங்காயத்தை இறக்கிவிட்டு வெறும் படகோடு இப்போதே உன்னிடம் திரும்புகிறார். அவர் துடுப்புப் போடும் முன் இதை முடித்தாக வேண்டும். என் எழுத்து கோழி கிண்டினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரே செய்திதான். இன்று கூவுகிறவன் உன் பெயரைக் கூவும்போது நான் பதில் சொல்லப்போகிறேன். ஹோரியன் வணங்கவில்லை, சட்டை மட்டும்தான் அவனுடையது, கை என்னுடையது, அவனிடம் நான் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் அவன் சம்மதித்திருக்கவும் மாட்டான் என்று சொல்லப்போகிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். ஒருமுறை சொன்னதை நீ வந்து மறுபடி சொல்ல வேண்டாம். நீ எந்தப் பொய்யைச் சுமக்க முடியாது என்றாயோ, அதை நான் போட்ட இடத்திலிருந்து நானே எடுத்துவிட்டேன். இனி உனக்கு இந்த ஊரில் வேலை இல்லை.

நான் துணிச்சல்காரி இல்லை, அது உனக்கே தெரியும். பல்லிக்குப் பயந்து உன்னைத்தானே கூப்பிடுவேன். தெர்மியோனின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குள் ஒன்று, போய்ச் சொல், போய்ச் சொல் என்கிறது. மாட்டேன் என்றேன். பெண்குழந்தை இருக்கிறது என்றேன். மாவு அரைக்கும்போது, துணி துவைக்கும்போது, விடாமல் சொல்கிறது. உலை முன்னால் நீ கேட்டது இப்படித்தான் இருந்ததா? அன்று உன்னைக் கேலி செய்தேனே. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், உன் கடவுளுக்கு நேரம் காலம் தெரியவில்லை.

தெர்மியோனிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். கந்தலை அவிழ்த்துவிட்டு அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள். "நீ தனியா போகலாம்னு பாத்தியா? எனக்கும் ஒரு வாய் இருக்கு, அதுவும் ஊரறியச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றாள். பிறகு நான் கொண்டுபோன ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டாள். வலது கையால்.

அத்தானிடம் சொல்வதற்குத்தான் பயந்தேன். பைத்தியக்காரி, குடிகெடுத்தவள் என்று தெரு கேட்கத் திட்டினார். திட்டி முடித்துவிட்டுத் தயிசுவைக் கழுதைமேல் ஏற்றித் தன் தங்கை ஊரில் விட்டுவிட்டு வந்தார். இப்போது வாசலில் உட்கார்ந்து தீனிக் கழியின் நுனியைச் சீவிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "தடுப்பை எடுத்த இடத்துல நான் நிக்கப்போறேன். என்னைத் தாண்டித்தான் எவனும் உன்னைத் தொடணும்" என்றார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பழுப்புச் சட்டையைக் கமேஸிடம் கொடுத்திருக்கிறேன், உனக்கு அடையாளம் தெரியாது. உவர்மண் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் போட்டு, மறுபடி ஊறவைத்து வெளுத்தேன். புகை வாசம் போய்விட்டது, மோந்து பார். தண்ணீரை விட்டு எழுந்ததும் நீங்கள் வெள்ளை உடுத்துவீர்கள் என்று தெர்மியோன் சொன்னாள். இதை உடுத்திக்கொள். இது உன்னிடம் இருக்கும்வரை உன் பெயரில் யாரும் எதையும் செய்துவிட முடியாது, நானும்தான்.

தயிசு அத்தானின் தங்கை ஊரில் இருக்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவளுக்கு ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தால் பிடிக்கும். இருட்டில் தனியாகப் படுக்க மாட்டாள்.

கமேஸ் கூப்பிடுகிறார். மதகைத் தாண்டி வராதே, கண்ணே. வந்த படகிலேயே திரும்பிப் போ. நாளை யார் வந்து உன்னிடம் என்ன சொன்னாலும் திரும்பி வராதே. உன்னைக் கூப்பிட்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். அவர் பெயரை எழுத என் கைக்கு இன்னும் பழக்கமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தண்ணீரை விட்டு எழுந்து, கடைசியாக அந்தக் கதவுக்கு உள்ளே போய் நீ உட்காரும்போது, வாசல் பக்கம் திரும்பி, "அக்கா, ரொட்டி சூடாக இருக்கிறது, வா" என்று ஒரு தடவை கூப்பிடு. உன்னைப் போல இல்லை நான். முதல் குரலுக்கே வந்துவிடுவேன்.

உன் அக்கா,
தமிஸ்தா